கடைசித் தாள்

வேதப் புத்தகத்தின் முதல் வரியைச் சங்கிலி எழுத்துக்கூட்டி முடித்ததும் அவன் முன்பல் தெறித்துச் சுவரில் மோதியது. எதிர்வீட்டு டயர்கடைக்காரருக்கு, ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் உடைத்த பல் அந்த நிமிஷமே முளைத்தது. மனிதர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கோணல்தான், பரவாயில்லை" என்றாராம்.

லாரி செட்டுக்காக ஆள் அடிப்பதுதான் சங்கிலியின் உத்தியோகம். கையில் இருந்த சாமானே பேராகிவிட்டது. புத்தகம் அவன் மைத்துனனுடையது. அக்காவை அடிக்காதே என்று குறுக்கே வந்த அந்தப் பையனை, ஏழு வருஷத்துக்கு முன் கூடத்திலேயே கழுத்தில் குத்திக் கொன்றவனும் இவன்தான். விபத்து என்று எழுதினார்கள், தெரு தலையாட்டியது. இப்போது எதற்கு அந்தப் புத்தகத்தைத் திறந்தான் என்பது எங்களுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் படித்த பக்கத்துக்கு ஓர் அடி. அவன் கொடுத்ததெல்லாம் அவனிடமே திரும்பியது, வாங்கியவர்களுக்குக் குணமானது. விலா மூன்று, முழங்கால் இரண்டு, இடது கண். அவன் காது கிழிந்த அன்று பெண்டாட்டிக்குச் செவிட்டுக் காது கேட்டது. சிரிக்கவே தெரியாதவன், பல்லெல்லாம் போனபிறகு சிரித்தான். வாசலில் வரிசை நின்றது.

"என் முட்டி எந்தப் பக்கம்ப்பா? சீக்கிரம் படியேன், மாடி ஏற முடியல" என்று தையல்காரர் நச்சரித்து, அதையும் வாங்கிக்கொண்டு போனார். தானே வழுக்கி விழுந்த பால்காரர்கூட வந்து நின்றார், பலிக்கவில்லை.

மைத்துனனின் ரத்தம் காய்ந்த கடைசித் தாளை மட்டும் காணோம். பெண்டாட்டி கிழித்து மாவு டப்பாவில் ஒளித்திருந்தாள்.

"கொடும்மா. உன் தம்பி வந்துடுவான்."

"நீங்க போயிடுவீங்களே. இப்பதான் ரெண்டு மாசமா மனுஷனா இருக்கீங்க."

"அதனாலதான் கேக்கறேன்."

பதினோரு நாள் அந்த டப்பாவை அவள் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை மாவைத் தட்டிவிட்டுத் தாளை அவன் மடியில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒற்றைக் கண்ணால் நிதானமாகப் படித்தான். கடைசிச் சொல்லில் கழுத்து பிளந்தது. ஏழு வருஷத்துக்கு முன் கறை பட்ட அதே சுவரில், அதே இடத்தில் ரத்தம் பீய்ச்சியது.

மத்தியானம் தம்பி வந்தான், ஒரு நாள்கூட வயசு ஏறாமல். "பசிக்குதுக்கா" என்றான். சாப்பிட்டுக் கை கழுவி, வாளியில் தண்ணீர் பிடித்துவந்து மாமாவின் முகத்தைத் துடைத்தான்.

பிணம் தூக்க ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. முன்பக்கம் தம்பி, பின்பக்கம் தையல்காரர். இடுகாட்டு மேடு முழுக்க ஏறியும் முட்டி நோகவே இல்லையாம்.