வேலிக்கு அந்தப் பக்கம்

தன் நிலத்தில் மூன்றாவது முறையாக உண்ணிச்செடி என்னும் முள்களை தலைகாட்டியதும் அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு முறை அதை வேரோடு பிடுங்கிவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய புல்லையும் மரக்கன்றுகளையும் நட்டிருந்தாள்.

நிலத்தைப் பார்க்க வந்த தாவர ஆலோசகர் வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். அங்கே உண்ணிப்புதர் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது.

"பறவைங்க அங்க பழத்தத் தின்னுட்டு இங்க வந்து விதையப் போடுது. அத அழிக்காம நீங்க என்ன பண்ணாலும் வீண்தாம்மா."

அது தம்பியின் நிலம். பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

அக்கா கடப்பாரையும் கையுமாகப் போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவன் கடப்பாரையைப் பார்த்துப் பின்வாங்கினான்.

"அடிக்க வரலடா. உன் புதரத் தோண்ட வந்தேன். நீ வந்தாலும் தோண்டுவேன், வராட்டியும் தோண்டுவேன்."

அவன் முறைத்தான். பிறகு, "என் நிலத்துல நீ தனியா எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினான்.

"பூட்ஸ் போடு. முள்ளு கிழிச்சிடும்."

பொழுது சாய்வதற்குள் இருவருமாகப் புதரைத் தோண்டியெடுக்க, வேலியோரம் வெளிச்சமாகிவிட்டது.

"அடுத்த மழைக்கும் முளைக்கும். விட்டுடக்கூடாது" என்றார் மறுபடி பார்க்க வந்த ஆலோசகர்.

"முளைக்கட்டும் சார்" என்றான் தம்பி. "ரெண்டு பேர் இருக்கோம்ல?"