தேதி போடாத இரண்டு கடிதங்கள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை, ராஜினாமாக் கடிதமாகத் தொடங்கியது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் குறை சொல்வதைவிட, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான்கு வாரங்களுக்கு முன் என் அக்கா நான்கு மாடி இறங்கி, இரண்டு தெரு நடந்து என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணு, உங்க அத்தானுக்கு ஒண்ணு. ரெண்டு ராஜினாமாக் கடிதம் எழுதிக் குடுடி."

"ரெண்டு வரி எழுதணும். அதுக்கு என்னத்துக்கு நான்?"

"இருபது வருஷத்துக்கு ரெண்டு வரியா? நல்லாயிருக்கே நீ சொல்றது."

அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் தேறிய நாளில் பார்த்த அதே முகம். வயது நாற்பத்து நான்கு.

அன்றே உட்கார்ந்து எழுதினேன்.

ஐயா, எனது சொந்தக் காரணங்களால் —

அடித்துவிட்டேன். காரணம் சொல்ல விரும்பாதவர்கள் சொல்லும் காரணம் அது.

ஐயா, பன்னிரண்டு வருடங்களாக ஒருவர் வருகைக்காக நாங்கள் இருவரும் —

கடிதம் இப்படித் தொடங்காது, கதைதான் இப்படித் தொடங்கும். அந்த இடத்தில் வழி தவறினேன். இன்னும் திரும்பவில்லை.

2

வரவேண்டியவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். தினமும் இரண்டாயிரம் படுக்கை விரிப்புகள் அவள் கண்ணைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி. வாடகை குறைவு, அதற்காக. "ஊரையே மேல ஏத்திவிட்டுட்டு நான் நடந்து ஏறுறேன் பாரு" என்று ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அத்தான் சொல்வார். நான்கு திருப்பம், நான்கு தடவை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு வருடச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்த்து முதலீட்டில் வைத்தால், அதிலிருந்து வருவதே சாகும்வரை சோறு போடும். அதன் பிறகு வேலை பார்ப்பதும் பார்க்காததும் அவர்கள் இஷ்டம். அந்தத் தொகைக்கு அத்தான் மரியாதையாக "அவர்" என்று பெயர் வைத்தார்.

"அவர் எங்க வந்திருக்காரு?" என்பாள் அக்கா.

"பாதி வழி தாண்டிட்டாரு. மெதுவாத்தான் வர்றாரு, வயசானவரு."

(அதனால் இந்தக் கதையில் அத்தானை ஓர் இடத்திலும் "அவர்" என்று எழுத மாட்டேன். அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்தாயிற்று.)

"அவர்" சீக்கிரம் வருவதற்காக, ஒருவர் தலைமுடியை மற்றவர் வெட்டிவிட்டார்கள். விருந்துக்கெல்லாம் அத்தான் ஒரே நீலச் சட்டையில் வந்தார். செலவு நோட்டில் தீப்பெட்டிவரை எழுதினார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது வேறு கதை. அதை எழுத அக்கா அனுமதிக்கவில்லை, நான் கேட்கவுமில்லை.

போன மாதம் "அவர்" வந்து சேர்ந்தார்.

3

இங்கே ஒரு சந்தேகம். எனக்கு அக்காவை எழுத வருகிறது, அத்தானை எழுத வரவில்லை. எப்போதும் சிரிக்கும் ஆளைத் தாளில் வைத்தால் பொய்யாகத் தெரிகிறது. அதனால் ஒரு முன்வரைவில் கொஞ்சம் சோகம் கொடுத்துப் பார்த்தேன்: மாலையில் ஜன்னலோரம் நின்று தூரத்தை வெறித்து —

நிற்கவே மாட்டார். ஜன்னல் கொக்கி ஆடினால் இறுக்கிவிட்டு உட்காருவார். விட்டுவிட்டேன். இந்தக் கதையை அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்தே சொல்கிறேன். அவள் பார்த்த அளவுக்கு அத்தானைப் பார்த்தால் போதும்.

4

கடிதம் கேட்ட அன்று அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"உடனே குடுக்கப் போறதில்ல. நாலு வாரம் லீவு சேத்து வச்சிருக்கோம். ரெண்டு பேரும் வீட்ல இருந்து, வேலையை விட்ட மாதிரியே வாழ்ந்து பாக்கப் போறோம். புது மெஷின் வந்தா முதல்ல வெறுந்தண்ணியில ஓட்டிப் பாப்போம்ல, அது மாதிரி."

"அத்தான் ஒத்துக்கிட்டாரா?"

"அவங்களும் அப்படித்தான. ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி மணல் மூட்டையை ஏத்திப் பாக்குற தொழிலு."

லீவு முடியும் திங்கட்கிழமை கடிதத்தோடு போவது என்று முடிவு.

5

ஒத்திகையின் இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குத் தன் வீடு எப்படி இருக்கும் என்று அக்கா முதல்முறையாக நின்று பார்த்தாள்.

சமையலறைச் சுவரில் வெயில் சாய்சதுரமாக விழுந்திருந்தது. பத்தொன்பது வருடங்களாக அது வேலை நாள்தோறும் வந்து, யாரும் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. கீழே தெருவில் ஒரு பெண் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அக்காவின் கால்கள் தானாக ஒரு எட்டு வைத்தன. பிறகு, நான் ஓட வேண்டியதில்லை என்று நினைவு வந்ததும் அவளுக்குள் என்னவோ பொங்கிவிட்டது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

(இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதி, கேட்டும் பார்த்தேன். "அழல. சிரிக்கவும் இல்ல. பஸ் போன அப்புறமும் கம்பிய விடல. அப்படியே எழுது" என்றாள்.)

மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"என்னங்க, இவ்ளோதானா சாப்பிடுவீங்க?"

"நீ இவ்ளோ சாப்பிடுவியா?"

"கிண்டலா?"

"இல்லம்மா, நெஜமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியாது."

தெரியாதுதான். வேலை நாட்களில் அவளுக்கு மருத்துவமனை கேன்டீன், அத்தானுக்குக் கம்பெனி மெஸ். இரண்டிலும் ஊழியர்களுக்கு மட்டும் இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஒருவருக்கு ஓவர்டைம் இருக்கும். இரட்டைச் சம்பளம், "அவர்" இரண்டு எட்டு முன்னால் வைப்பார். ஒரு நாளின் நடுவில் கணவன் எவ்வளவு சாப்பிடுவான், எதை முதலில் எடுப்பான், எதைக் கடைசிக்கு வைப்பான் என்பது அக்காவுக்குத் தெரியாது. அத்தான் பிடித்ததைக் கடைசிக்கு வைக்கிறவர். அவள் பிடித்ததை முதலில் முடிக்கிறவள். அதனால் அத்தானின் தட்டில் கடைசியில் இருப்பதெல்லாம் அவள் தட்டுக்கு வரத் தொடங்கியது. புதன், வியாழன், வெள்ளி. தினமும் பன்னிரண்டரை மணிக்கு.

6

பன்னிரண்டாம் நாள் மளிகை டப்பாக்கள் காலி.

மாதம் முழுக்க வரவேண்டிய சாமான். அக்கா ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தான் எதிரில் அமர்ந்தார். அக்கா ஒவ்வொரு வரியாகக் கூட்டினாள். (அந்தக் கூட்டலை முழுதாக எழுதினால் ஒரு பக்கம் ஆகும். எனக்கு ஆசைதான்.)

தீப்பெட்டியை எழுதியவர்கள், வேலை செய்த இடம் சும்மா கொடுத்ததை எழுதவில்லை. செலவழிக்காத காசை எந்த நோட்டில் எழுதுவது? மாதச் செலவு நூறு பங்கு என்று வைத்து "அவரை" அழைத்திருந்தார்கள். வேலை இல்லாவிட்டால் மதியச் சாப்பாடு இருபத்திரண்டு பங்கு. கம்பெனி பாஸில் ஓடிய போக்குவரத்து ஏழு. ஊழியர்களுக்கு இலவசமாக இருந்த வைத்தியம் ஐந்து. சோப்பு, போன், டீ எல்லாம் சேர்ந்து நான்கு. ஆக நூற்று முப்பத்தெட்டு.

"இன்னும் எவ்ளோ நாள்?" என்றார் அத்தான்.

"மூணு வருஷம் ரெண்டு மாசம்."

அத்தான் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "வந்தவரு பாதி ஆளு போலிருக்கே. வயித்தை வழியிலயே விட்டுட்டு வந்துட்டாரு."

அக்காவும் சிரித்தாள். அப்புறம் அந்த இருபத்திரண்டின் மேல் விரலை வைத்தாள். பன்னிரண்டு வருடத் திட்டத்தைக் கவிழ்த்தது இருவரும் சேர்ந்து சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாடு. அதைத் தவிர வேறு எதையும் இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் இவ்வளவு ஆவலாக எதிர்பார்க்கவில்லை.

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று. இருவரும் மூன்று வருடம் இரண்டு மாதம் வேலைக்குப் போகிறார்கள். புத்திசாலித்தனமான முடிவு. எழுதிப் படித்துப் பார்த்தேன், அதில் அக்காவின் முகம் இல்லை.

இரண்டு. அக்கா மட்டும் வேலையை விடுகிறாள். பதினொரு மணி வெயில் அவளுக்குக் கிடைக்கிறது. பன்னிரண்டரைக்கு ஒற்றைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு —

இல்லை.

மூன்று. இருவரும் விடுகிறார்கள், துணிந்து. இதைப் பற்றி அவர்களே என் வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். கடிதங்களை வாங்கிப் போக வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அது.

"வாரம் ரெண்டு நாள் பழைய லிஃப்டுங்களப் பாத்துக் குடுத்தா இருபது பங்கு தேறும்" என்றார் அத்தான்.

"மிச்சம் பதினெட்டு?"

"நீ கொஞ்சம் கொறைச்சுச் சாப்பிடு."

"ஏன், நீங்க தட்டுல மிச்சம் வைக்காம இருங்களேன். நான் ஏன் சாப்பிடறேன்?"

"உடம்புக்கு ஏதாவது வந்தா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூன்றாவது முடிவின் ஓட்டை அதுதான், அது அவர்களுக்கும் தெரியும்.

கடிதங்களை நீட்டினேன். கடைசியில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன்.

"தேதி போடட்டுமா?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் என் மேசை இழுப்பறையின் கைப்பிடி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடாத" என்றாள் அக்கா. "இடம் மட்டும் விடு."

8

இன்று திங்கட்கிழமை. காலையில் பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தேன். இருவரும் சீருடையில். அத்தானின் சட்டைப்பையிலும் அக்காவின் கைப்பையிலும் உறையின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. அக்காவின் கையில் புதிதாக ஒரு அடுக்கு டப்பா.

"கேன்டீன் லீவா?" என்றேன்.

"உங்க அக்கா ஆஸ்பத்திரியில லிஃப்ட் சத்தம் போடுதாம்" என்றார் அத்தான். "பன்னெண்டரைக்கு வந்து பாக்கச் சொல்லியிருக்கா."

"எந்த லிஃப்ட்?"

"எதுவும் சத்தம் போடலடி" என்றாள் அக்கா. "சலவைக்கூடத்துக்குப் பின்னால ஒரு பெஞ்சு இருக்கு." சொல்லும்போது அவள் காது மடல் சிவந்தது. பஸ் வந்தது. ஓடினாள். ஓட வேண்டிய அவசியமே இல்லை. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்தப் பெஞ்சில் இருந்து எழுந்ததும் மேலாளர் அறைக்குப் போவார்களா, அல்லது மூன்று வருடம் இரண்டு மாதமும் அங்கேயே மதியங்களைச் சேர்ப்பார்களா, எனக்குத் தெரியவில்லை. மணி பன்னிரண்டு இருபது. நான் போய்ப் பார்க்கப் போவதில்லை. கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பேனா உங்களிடம் இருக்கும்.

ஐயா,
இத்தனை வருடம் தந்த வேலைக்கும் சோற்றுக்கும் நன்றி. இனி மதியம் வீட்டில் சாப்பிட விரும்புகிறேன்.

தேதி: ..................