சாரி சொல்லக் கூடாத அலுவலகம்

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரிடமும் சாரி சொல்வதில்லை. திமிர் என்று நினைத்துவிடாதீர்கள், விதி அப்படி. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனியில், வாங்கினவர்கள் அனுப்பும் புகார்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுகிற பிரிவு எங்களுடையது. வாங்கின வாரமே ஐஸ்கிரீம் தண்ணீராக ஓடுகிறது என்று ஒருவர் கொதித்துப்போய் எழுதினால், 'வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்' என்று ஆரம்பிக்க வேண்டும். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், அவ்வளவுதான். வருத்தப்படுவதற்கு என்ன, காசா பணமா? மெஷின் வீட்டையே வெள்ளக்காடாக்கியிருந்தால், மேனேஜரைக் கேட்டுக்கொண்டு 'அப்பாலஜைஸ்' வரைக்கும் போகலாம். 'சாரி' மட்டும் ஜென்மத்துக்கும் கூடாது. அது வீட்டில் பேசுகிற வார்த்தை, அதை எழுதினால் தப்பு நம்முடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி என்பார் மேனேஜர். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிப் பேசுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா சார்.

பதில் எழுதுகிறவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். அவர் எழுதுவதைச் சரிபார்க்கிறவள் நான். அவர் எதை அனுப்பினாலும் அது நேராகப் போகாது, என் கணினித் திரையில் வந்து நிற்கும். நான் சிவப்பில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பலாம், நானே திருத்தலாம், சரி என்று பட்டால் 'அப்ரூவ்' பொத்தானை அமுக்கலாம். வீட்டில் சண்டை வராதா என்று எல்லாரும் கேட்பார்கள். வராமல் என்ன? வந்த வேகத்தில் போய்விடும். பால் வாங்க மறந்துவிட்டால் வாசலிலேயே நின்றுகொண்டு 'ரிக்ரெட்' என்பார். என் பிறந்தநாளை மறந்தபோது 'அப்பாலஜைஸ்' வரைக்கும் இறங்கி வந்தார். எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கும். தமிழில் 'மன்னிச்சிடு' என்றால் சினிமாவில் கடைசிக் காட்சி மாதிரி இருக்கிறது, எங்கள் இருவருக்கும் வாயில் வராது. சாரி என்கிற சாதாரண வார்த்தையோ, அலுவலகப் பழக்கத்தில் எப்போதோ வீட்டைவிட்டும் போய்விட்டது. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை, போன செவ்வாய்க்கிழமை வரை.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. அந்த வேலைமேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள் நான். எதிரில் மனித முகங்கள் உட்கார்ந்திருக்க, நின்று பேச வேண்டும் என்று இருந்தது. விண்ணப்பம் போட்டேன். வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடிக்குப் பாடம்கூட எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி நன்றாகவே கேட்டுக்கொண்டது.

செவ்வாய் காலை, மறுநாள் நேர்காணலுக்கு வரவேண்டியவர்களின் பெயர்கள் வந்தன. என் பெயர் இல்லை. கமா சாரின் கண்ணாடி அறைக்குப் போய்க் கேட்டேன்.

"நீங்க, விளையாட்டுக்குத்தான், அப்ளை பண்ணினீங்கன்னு, உங்க வீட்டுக்காரர், சொன்னாரே? நாலு பேர் முன்னாடி நின்னா, உங்களுக்கு, நாக்கு ஒட்டிக்குமாமே?"

அங்கேயே என் நாக்கு ஒட்டிக்கொண்டது என்னவோ உண்மைதான். நேராக என் வீட்டுக்காரர் மேஜைக்கு வந்தேன்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க சொன்னீங்க?"

"காபி மெஷின்கிட்ட நின்னப்போ பேச்சுவாக்குல சொன்னதும்மா. அவர் அதைப் போய்க் கெட்டியா பிடிச்சுக்குவார்னு யார் கண்டா?"

"லிஸ்ட்ல என் பேரே இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, எப்போதும்போல் ஒரு சிரிப்போடு, "ரிக்ரெட்" என்றார்.

பால் வாங்க மறந்த அதே ரிக்ரெட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

மதியம், ஒரு ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வாஷிங் மெஷினுக்கும் நடுவில், என் பெயருக்கு அவர் எழுதின கடிதம் ஒன்று வந்து நின்றது. நடந்த தவறான புரிதலுக்கு வருந்துகிறாராம். கை தன் வேலையைப் பார்த்தது. 'வாடிக்கையாளர் எல்லாவற்றையும் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்' என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அடுத்தது வந்தது. மனம் ஏதும் புண்பட்டிருந்தால் அப்பாலஜைஸ் செய்கிறாராம். 'பட்டிருந்தால் என்ன பட்டிருந்தால்? இன்னும் சந்தேகமா?' என்று கேட்டேன். மூன்றாவது, தலை முதல் கால் வரை ஜரிகை வைத்த ஆங்கிலம். 'இது ஃப்ரிட்ஜ் வாங்கினவருக்கு எழுதியது. நான் ஃப்ரிட்ஜ் வாங்கவில்லை' என்று அதையும் திருப்பினேன். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

வேலை முடிகிற நேரத்தில் இன்னொன்று வந்தது. இந்த முறை எனக்கு இல்லை, கமா சாருக்கு. என் வீட்டுக்காரர் எழுதுகிற எல்லாமே என் வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் என்னிடம் நின்றது. பள்ளிக்கூடப் பையன் எழுதுகிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியங்கள். என் மனைவியைப் பற்றி நான் சொன்னது பொய். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் இந்த வேலைக்குப் போய்விட்டால் என் பக்கத்தில் உட்கார மாட்டாளே என்று நினைத்துச் சொன்னேன். தப்பு என்னுடையது. தயவுசெய்து அவளைக் கூப்பிடுங்கள். கடைசியில் 'ஐ ஆம் சாரி'.

இரண்டு தரம் படித்தேன். பயம் வந்தது. இந்த வருடம் அவருக்கு டீம் லீடர் பதவி தருவதாகப் பேச்சு இருந்தது. கூட வேலை செய்கிறவளைப் பற்றிப் பொய் சொன்னேன் என்று தன் வாயாலேயே சொல்கிறவருக்கு யார் கொடுப்பார்கள்? பொய்யை 'கருத்து' ஆக்கினேன். சாரியை எடுத்துவிட்டு ரிக்ரெட் வைத்தேன். என் கருத்துக்கு வருந்துகிறேன். பார்க்க லட்சணமாக இருந்தது, யாருக்கும் சேதமில்லை. ஆனால் அதில் அவரைக் காணோம். எந்த ஃப்ரிட்ஜுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

நிமிர்ந்து பார்த்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்புவதும் நிறுத்துவதும் என் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார் மனிதர்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்து அப்ரூவை அமுக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கமா சார் வெளியே வந்து என் மேஜை முன் நின்றார். கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இதுல, அந்த வார்த்தை, இருக்கு."

"இருக்கு சார்."

"நீங்க, அப்ரூவ், பண்ணியிருக்கீங்க. ரூல், தெரியும்தானே?"

"தெரியும் சார். அதை எழுதினா தப்பு நம்மோடதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. தப்பு அவரோடதேதான் சார். அதுக்கு வேற எந்த வார்த்தையும் பொருந்தல, நானும் மாத்திப் பார்த்துட்டேன். அதான் விட்டுட்டேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போதுதான் உறைத்தது, அத்தனை பேர் முன்னாலும் கணீரென்று பேசியிருக்கிறேன். கமா சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளைக்கு, காலைல, நேர்காணலுக்கு, வந்துடுங்க." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, ஒரு கமாகூட இல்லாமல், "நீங்க இப்பவே என் ரூமுக்கு வாங்க" என்றார்.

வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். முகம் சுண்டிப்போய் வந்தார்.

"டீம் லீடர்?"

"இந்த வருஷம் கிடையாதாம்."

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "ரிக்ரெட்னு மாத்தினேங்க. மனசு கேக்கல, திரும்பப் பழையபடியே வெச்சுட்டேன்" என்றேன்.

"நல்ல வேளை" என்றார். வண்டிச் சாவியை விரலில் சுற்றினார், நிறுத்தினார், மறுபடி சுற்றினார். "அது அவருக்கு எழுதினது. உனக்கு இன்னும் சொல்லலியே."

நான் நின்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், தரையைப் பார்த்தார். நாலு பேர்கூட இல்லை, என் ஒருத்தி முன்னால் நின்றதற்கே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் எப்படியோ, பாதிக் குரலில், "சாரிம்மா" என்றார்.

பழக்க தோஷம், திருத்த இடம் தேடினேன். ஒன்றும் இல்லை.