மாப்பிள்ளைக்கு அறுத்த கோழி

சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் அன்புக்கரசி காய் வாங்கப் போவாள். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லாம் அவள் கண்ணுக்கு ஏமாளிகள். கடைக்காரன் சாக்கை உதறத் தொடங்கும்போது போய் நின்றால், அதே கத்தரிக்காய் பாதி விலைக்குக் கிடைக்கும். சொத்தை இரண்டு இருந்தால் அரிந்து எறிந்துவிட்டுப் போகிறது! இட்லிக்குக் குருணை, பாயசத்துக்கு உடைந்த முந்திரி, பலகாரத்துக்கு ரேஷன் பாமாயில், ஆம்லெட்டுக்குக் கீறல் விட்ட முட்டை. "உள்ள போனா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரிகளுக்குப் பாடம் வேறு எடுப்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வீடு நின்றது அவளால்தான். கணவன் பிரான்சிஸ் வேலை பார்த்த மில் வருஷத்தில் பாதி நாள் மூடிக் கிடந்தது. அந்தச் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒரே மகள் கிருபாவை டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தாள். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணமும் செய்து வைத்தாள். இத்தனையும் செய்தவளுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்? இருந்தது. அந்தத் திமிர்தான் இந்தக் காரியத்தையும் செய்ய வைத்தது.

மாப்பிள்ளை பெயர் ஜெரோம். பல்லடம் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். தாய் தகப்பன் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் வளர்ந்தவன். அதிர்ந்து பேசமாட்டான், இன்னது வேண்டும் என்று வாய் திறந்து கேட்கமாட்டான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே காபி குடித்த டம்ளரைக் கழுவி வைக்க எழுந்துவிட்டான். அன்புக்கரசி பதறிப்போய்ப் பிடுங்கினாள். அப்போதே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

கல்யாணம் முடிந்து முதல் விருந்து. புது மாப்பிள்ளைக்கு நாட்டுக்கோழி அடித்துப் போடாமல் எதைப் போடுவது? அதிலும் அவர்கள் வீட்டு வழக்கத்தில் கோழித்தலை விருந்தாளியின் இலைக்குத்தான் போகும். கடையில் கிலோக் கணக்கில் வாங்கி வந்த கறி இல்லையப்பா, உனக்கென்றே முழுசாய் ஒரு கோழியை அறுத்தோம் என்று சொல்வதற்கு அதுதான் சாட்சி.

பிரான்சிஸ் இதற்கென்று பணம் எடுத்து வைத்திருந்தார். "வெள்ளகோவில் சந்தைக்குப் போயி ரெண்டு நல்ல கோழியாப் புடிச்சுட்டு வந்தர்றேன்" என்று சட்டையை மாட்டினார்.

"பஸ் சார்ஜு ஆரு குடுக்கறது? பணத்தை இங்க வெச்சுப்போட்டு நீங்க பேசாம உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். முட்டை போட்டு ஓய்ந்த கோழிகளைப் பண்ணைக்காரர்கள் கழித்துத் தள்ளுவார்கள். அதைச் சைக்கிளில் கூடை கட்டித் தெருத்தெருவாக விற்கிற ஆள் ஒருவன் உண்டு. விலை, நாட்டுக்கோழியில் நாலில் ஒரு பங்கு. கறி கெட்டியாகத்தான் இருக்கும். நன்றாக வேக வைத்து, மிளகும் சின்ன வெங்காயமும் தாராளமாக அரைத்துவிட்டால் நாட்டுக்கோழிக்கும் இதற்கும் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளை இறகு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். பிடுங்கி, மஞ்சள் பூசி, தீயில் வாட்டிவிட்டால் எந்தக் கோழி என்று யார் கண்டது? மிச்சம் விழுகிற பணத்துக்கு அவள் ஏற்கெனவே ஒரு செலவு வைத்திருந்தாள். எவர்சில்வர் டிபன் கேரியர், மூன்றடுக்கு, மூடியில் மாப்பிள்ளை பெயர் வெட்டியது. பண்ணைக்குச் சோறு கொண்டுபோக அவனுக்கே ஆகட்டும் என்று. பாவம், அவள் தனக்கென்று என்றைக்கும் மிச்சம் பிடித்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சைக்கிள்காரன் இரண்டு கோழியை அறுத்து, தலை இரண்டையும் சாக்கடைப் பக்கம் வீசக் கை ஓங்கினான்.

"இதென்னப்பா அக்கிரமம்! தலையை எதுக்கு வீசறே? அது மாப்பிள்ளைக்கு!"

"வேண்டாமுங்க அக்கா. இந்தக் கோழித் தலை ஆரும் வாங்கமாட்டாங்க. எறிஞ்சர்றேன் உடுங்க."

"காசு குடுத்தது நானா நீயா? ஏன், உன்ற ஊட்டுக்குக் கொண்டு போலாம்னு பாத்தயா?"

அவன் ஒரு மாதிரி சிரித்துவிட்டுத் தலைகளைப் பாத்திரத்தில் போட்டான். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான் என்றுதான் சொல்லவேண்டும். கழுவும்போது அலகு இரண்டும் மொட்டையாக இருந்ததை அவளும் பார்த்தாள். பார்த்து என்ன பண்ணினாள்? கத்தி பட்டு முனை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மஞ்சளைத் தேய்த்தாள்.

விருந்தன்றைக்கு வீடு மணத்தது. குழம்பு அருமை, அதில் குற்றம் சொல்ல முடியாது. ஜெரோம் புதுச் சட்டையோடு இலை முன்னால் உட்கார்ந்தான். பக்கத்தில் கிருபா, எதிரில் பிரான்சிஸ். ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். மாமூலான ஜெபத்தோடு நிறுத்தாமல், "ஆண்டவரே, எனக்கு ஒரு வீட்டையும் அம்மா மாதிரி ஒருத்தரையும் குடுத்ததுக்கு நன்றி. எனக்காக இதைச் சமைச்ச கையை ஆசீர்வதியும்" என்று சொந்தமாக இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னான். அன்புக்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, அகப்பையில் ஒரு தலையைத் தேடி எடுத்து, அவன் இலையில் சோற்றுக்கு மேல் வைத்தாள்.

"வெள்ளகோவில் கோழிங்க மாப்பிள்ளை. உங்களுக்குன்னே அறுத்தது."

ஜெரோம் தலையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஓரத்துச் சோற்றைத் தள்ளி அதை மூடிவிட்டான். தலை சாப்பிடக் கூச்சப்படுகிறான் போல என்று அவள் நினைத்தாள். அவன் இன்னொரு கை சோறு வாங்கிச் சாப்பிட்டான். "ரொம்ப நல்லா இருக்குதுங்க அத்தை" என்றான். அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஒரு மாசம் தாங்கியது.

மாசம் கழித்துக் கிருபா தனியாக வந்தாள். ஜெரோமுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்புக்கரசி பரணிலிருந்து டிபன் கேரியரை இறக்கி, பெயரை முந்தானையால் துடைத்து மகள் மடியில் வைத்தாள்.

"இது ஏதும்மா?"

"உன்ற விருந்து குடுத்ததுதான் கண்ணு!" அன்புக்கரசி வாய்கொள்ளாமல் சிரித்தாள். சைக்கிள்காரனிடம் வாங்கியது, மஞ்சள் பூசி வாட்டியது, பிரான்சிஸுக்கே தெரியாமல் மறைத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கெட்டிக்காரி அம்மா என்று மகள் மெச்சுவாள் என்றுதான் சொன்னாள்.

கிருபா சிரிக்கவில்லை. திறந்து பார்த்துக்கொண்டிருந்த கேரியரை மூடினாள்.

"அவருக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"தலையைப் பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. பண்ணைக் கோழிக ஒண்ணை ஒண்ணு கொத்திக்கும்னு, குஞ்சா இருக்கறப்பவே சூட்டுத் தகட்டுல வெச்சு அலகு நுனியை வெட்டி உட்ருவாங்க. அந்த வேலையைப் பாக்கறதே அவருதான். எத்தனை ஆயிரம் கோழிக்கு வெட்டியிருப்பாரு! அவருகிட்டப் போயி…"

"அப்பறம் எதுக்கு நல்லா இருக்குதுன்னாரு?"

"வேற என்னம்மா சொல்லுவாரு? பஸ்ல போறப்ப நான்தான் கேட்டேன், ஏன் ஒரு மாதிரி இருக்கீங்கன்னு. மொதல்ல ஒண்ணுமில்லைன்னாரு. ரொம்பக் கேட்டப்பறம் சொன்னாரு. 'கல்யாணத்துல கையிருப்பு எல்லாம் போயிருக்கும், அத்தை என்ன பண்ணுவாங்க, பாவம். நீ எதுவும் கேட்றாத'ன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். காசு இருந்துதாம்மா?"

காசு இருந்தது. அதைத்தான் மகள் மடியில் வைத்திருந்தாளே, பெயர் வெட்டி.

"கழிச்ச கோழிய எங்களுக்குப் பண்ணைல சும்மாவே குடுக்கறாங்கம்மா. வாரத்துல மூணு நாளு எங்க ஊட்டுல அதுதான் கொழம்பு. அவருக்கு அந்த வாசமே ஆகாது. விருந்துக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாளா ஒரே பேச்சு. 'ஹோம்ல நூறு பேருக்குச் சேத்து ஆக்குவாங்க, நம்ம தட்டுல எது உழுகுதோ அது. எனக்குன்னு இதுவரைக்கும் ஆரும் ஒரு கோழி அறுத்ததில்லை கிருபா, உங்கம்மா அறுக்கறாங்க'ன்னு கொழந்தை மாதிரி சொல்லிட்டே இருந்தாரு."

கிருபா கேரியரை எடுத்துக்கொண்டுதான் போனாள். அதையும் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போயிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அன்று அன்புக்கரசி அடுப்பு பற்ற வைக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா மாதிரி என்று கடவுளிடம் சொன்ன பிள்ளைக்கு, அடுத்த நிமிஷமே மொட்டை அலகை எடுத்து இலையில் வைத்தாளே! பொய்யையும் அதற்கு மேல் ஊற்றினாளே! உள்ளே போனால் எல்லாம் ஒன்றுதான் என்று இத்தனை வருஷம் சொன்ன வாயாலேயே பிரான்சிஸிடம் நடந்ததைச் சொல்லி அழுதாள். "அன்னிக்கே நான் போயிருப்பேன்" என்றார் அவர். அதற்கு மேல் திட்டாததுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சந்தை நாளில் விடிந்ததும் விடியாததுமாகக் காந்திபுரத்தில் பஸ் ஏறினாள். சந்தை கலைகிற நேரத்துக்குப் போகவில்லை, கூடும் நேரத்துக்குப் போனாள். வெள்ளகோவில் சந்தையில் மயிலாத்தாள் என்கிற கிழவி ஏழெட்டுக் கோழிகளைக் கால் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்புக்கரசி அதில் செவலைக் கோழி ஒன்றைத் தூக்கி, முதல் வேலையாக அலகைப் பார்த்தாள். அது அவள் கட்டை விரலில் நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்தியது. ரத்தம் துளிர்த்தது. கையை உதறக்கூட இல்லை. கிழவி சொன்ன விலையை எடுத்து நீட்டினாள்.

மயிலாத்தாளுக்கே சங்கடமாகிவிட்டது. "ஏனுங்க அம்மணி, கொறச்சுக் கேக்காமயே குடுக்கறீங்க?"

"இருக்கட்டுங்க ஆத்தா. என்ற மாப்பிள்ளைக்கு."

கோழியை ஒயர் கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, திரும்பி வருகிற வழியில் பல்லடத்தில் இறங்கினாள். ஜெரோம் வேலைக்குப் போயிருந்தான். கிருபா கதவைத் திறந்து அம்மாவையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மியைக் கழுவினாள். இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தார்கள். ஜெரோமிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று குழம்பு கொதிக்கும் நேரம் முழுக்க அன்புக்கரசி மனசுக்குள் வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "தப்புப் பண்ணிப்போட்டேனுங்க மாப்பிள்ளை." அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் போதும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெரோம் வந்தான். மாமியாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "எப்ப வந்தீங்க அத்தை? சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே" என்றான். கை கால் கழுவி உட்கார்ந்தான். சிலுவை போட்டான். இந்தத் தடவை கண்ணை மூடியதும் திறந்ததும் தெரியவில்லை. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

"வெள்ளகோவில் கோழிங்க மாப்பிள்ளை" என்றாள் அன்புக்கரசி. சொன்ன பிறகுதான் அன்றைக்கும் இதையேதான் சொன்னோம் என்று உறைத்தது. அகப்பைக்குக் கை நீட்டினாள்.

அவள் அகப்பையை எடுப்பதற்குள் ஜெரோம் தானே எடுத்தான். குழம்புச் சட்டிக்குள் விட்டு மெல்லத் துழாவினான். கால் வந்தது, ஈரல் வந்தது, அதையெல்லாம் ஒதுக்கினான். தலை வந்ததும் விளிம்புக்குக் கொண்டுவந்து, திருப்பி, அலகைப் பார்த்தான். முழுசாக, கூராக, குழம்பு வடிய இருந்தது.

நிமிர்ந்தபோதுதான் அவள் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. முகம் கறுத்துவிட்டது. தலையைச் சட்டிக்குள் நழுவவிட்டான்.

"பழக்கமுங்க அத்தை. பண்ணைல இதே வேலையாப் போச்சுங்களா, கை தானாப் போயிருச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவள் அவள். கேட்டுக்கொண்டிருந்தது அவன். அன்புக்கரசி அகப்பையை வாங்கி, தலையைத் தேடி எடுத்து, அவன் தட்டில் வைத்தாள். கொத்துப்பட்ட கட்டை விரலில் மிளகாய் பட்டு எரிந்தது. அவன் சாப்பிட்டான். இன்னொரு கை சோறும் வாங்கினான்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க அத்தை" என்றான்.

போன தடவையும் இதே வார்த்தைதான், இதே குரல்தான். இது நிஜமா என்று அவனைக் கேட்க அவளுக்கு வாயில்லை. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.