டிரைவிங் வாத்தியாரின் முதல் ஐம்பது நிமிடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது. கிடைத்தது என்பதைவிடத் திருடினேன் என்றால் சரியாக இருக்கும். ஒரே மாடியில் இடப்பக்கம் பல் வைத்தியர், வலப்பக்கம் மனநல ஆலோசகர். இருவரிடமும் வருகிறவர்களுக்குப் பொதுவாக ஒரே வரிசை நாற்காலி. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தார். யாராவது வேகமாக உள்ளே வந்தால் ஒரு அழுத்து. தொலைபேசி மணி அடித்தால் ஒரு அழுத்து. பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். வலப்பக்கக் கதவு.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். மிச்சம் முழுக்க என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "அவர் காலை அழுத்தியதும் மூன்று தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்த லாரி குலுங்கி நின்றது." (லாரி டிரைவரை நேரில் விசாரித்ததாகவும் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பொய் சொல்வதிலும் ஒரு சுத்தம் வேண்டும்.)

இரண்டாவது ஆரம்பம்: "மனம் என்பது ஒரு..." (மேலே ஓடவில்லை. இப்படித் தொடங்கிய வாக்கியம் எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். பயிற்சிக் காரில் படிக்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் வாத்தியாருக்கு ஒரு பிரேக். நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில், தையல்கார அம்மாள் ஒருவர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது, சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். அம்மாள் பதறிப்போய் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரம் வாத்தியாரின் கால் எழும்பவே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. சைக்கிள்காரருக்கு மணிக்கட்டு முறிந்தது. (இப்போது கூடிவிட்டது. கதைக்காக நான் யாரையும் நிரந்தரமாக முடமாக்குவதில்லை.)

காரிலிருந்து இறங்கிய வாத்தியார் வாயில் முதலில் வந்தது, "பிரேக் பிடிக்கலை."

அந்த பிரேக்கை முந்தின வாரம்தான் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, தன் ஒர்க்‌ஷாப்பில் வைத்துச் சரிபார்த்துக் கொடுத்திருந்தான்.

ரகசியத்தைக் கடைசிப் பக்கம் வரை மூடிவைக்கலாம் என்பார்கள். என் வயதுக்கு அது ஒத்துவராது, மறந்துபோய்விடும். எனவே இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: வாத்தியார் பொய் சொன்னார். அந்தப் பொய்யால் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வருவது பாதியாகக் குறைந்தது. அக்காள் தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். மைத்துனன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாத்தியார் அதன்பின் காரில் ஏறவில்லை. கால் மட்டும் அன்றைக்கு விட்டதைப் பிடித்துக்கொண்டே இருந்தது: சாப்பாட்டு மேசைக்கு அடியில், படுக்கையில், மனைவி குரலை உயர்த்தும்போதெல்லாம்.

"தூங்கவிடாம என்னை உதைக்கிறீங்க. யார்கிட்டயாவது போய்க் காட்டுங்க" என்றாள் மனைவி.

"எலும்பு டாக்டர்கிட்டயா?"

"எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தலையைக் கொண்டுபோய்க் காட்டுங்க."

3

அடுத்துக் கதைக்குள் ஆலோசகர் வரவேண்டும். நான் எழுதிய முதல் ஆலோசகர் வாத்தியாரைச் சோபாவில் படுக்கவைத்து, கண் முன்னால் கடிகாரத்தை ஆட்டி, மூன்றே கேள்வியில் அவரைக் கதறவைத்தார். சந்தேகம் வந்து, அதே தொழில் பார்க்கும் என் தங்கை மகளுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"மாமா, எந்தக் காலத்துல இருக்கீங்க? யாரும் படுக்கவைக்கிறதும் இல்ல, எதையும் ஆட்டுறதும் இல்ல."

"பின்ன என்னதாம்மா பண்ணுவீங்க?"

"உக்காந்து பேசுவோம்."

"இதுக்கா அத்தனை வருஷம் படிச்சே?"

"பேசறது அவங்க. நான் படிச்சது கேக்கறதுக்கு. உங்களுக்கு அது புரியாது, விடுங்க."

(கடைசி வரியை அவள் சொன்னபடியே விட்டிருக்கிறேன். நான் நியாயமான எழுத்தாளன்.)

4

வாத்தியார் செய்த தவறு வாத்தியார்கள் மட்டுமே செய்யக்கூடியது. லைசன்ஸ் டெஸ்டுக்குப் போகும் மாணவர்களை அவர் முந்தின நாளே அந்தப் பாதையில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார், எந்தத் திருப்பத்தில் அதிகாரி என்ன கேட்பார் என்று சொல்லிக்கொடுப்பார். தனக்கும் அதையே செய்துகொண்டார். முந்தின நாள் பஸ்ஸில் போய், மாடியேறி, கதவைப் பார்த்துவிட்டு வந்தார். துண்டுச் சீட்டில் பதில்களை எழுதி மனப்பாடம் செய்தார். தூக்கம்: நன்று. கோபம்: அளவோடு. குடும்பம்: ஒற்றுமை.

மறுநாள் அந்த அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்ப் பாட்டில். பயிற்சிக் காரில் உட்கார்ந்த பழக்கதோஷத்தில் வாத்தியார் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆலோசகருடையது. ஆலோசகர் அம்மாள் மற்றதில் உட்கார்ந்தார்.

"டாக்டர்..."

"டாக்டர் இல்லைங்க. மருந்து எழுதித் தர மாட்டேன். முதல்ல ரெண்டு விஷயம் சொல்லிடறேன். நமக்கு ஐம்பது நிமிஷம் இருக்கு. இங்க பேசறது வெளியில போகாது. உங்க உயிருக்கோ வேற யாரோட உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும்தான் இன்னொருத்தர்கிட்ட பேசுவேன். அதையும் முடிஞ்சவரை உங்ககிட்ட சொல்லிட்டுத்தான்."

"என் சம்சாரம் போன் பண்ணிக் கேட்டா?"

"நீங்க வந்தீங்களான்னுகூடச் சொல்ல மாட்டேன்."

வாத்தியார் தன் வீட்டில் இதுவரை யாரும் சாதிக்காத ஒன்றைக் கேட்டவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

(என் தங்கை மகள் இங்கே சேர்க்கச் சொன்னது: ஆலோசகரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "கண்டிப்பாப் போடுங்க மாமா." போட்டுவிட்டேன்.)

5

ஆலோசகர் தூக்கம் பற்றிக் கேட்டார், நன்று என்றார் வாத்தியார். வீடு பற்றிக் கேட்டார், ஒற்றுமை என்றார். எல்லாம் மனப்பாடம் செய்தபடியே போனது. மைத்துனன் பேச்சு வந்தபோது மட்டும் கால் தரையை அழுத்தியது.

"இப்ப கால் என்ன சொல்லுதுங்க?"

"அது சும்மா மேடம். ரத்த ஓட்டம்."

ஆலோசகர் வற்புறுத்தவில்லை. நேரம் போனது. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில், எல்லாம் ஜெயித்துவிட்ட நிம்மதியில் வாத்தியார் எழுந்தார். கதவுப் பிடியில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

"மேடம், அந்த பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

"ம்."

"நான்தான் அழுத்தலை. கால் வரலை. அழுத்தியிருந்தா பிடிச்சிருக்கும்."

"இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"உக்காருங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

(நிஜத்திலும் பலர் இப்படித்தானாம், கிளம்பும்போதுதான் வாயைத் திறப்பார்களாம்.)

உட்கார்ந்த வாத்தியார் ஒரு பெருமூச்சு விட்டார். ஜன்னல் திரை பறந்து கூரையில் ஒட்டிக்கொண்டது. (சரி, ஒட்டவில்லை. லேசாக ஆடியது. அதுவும் காற்றாக இருக்கலாம்.)

"போய் அவன்கிட்ட சொல்லணுமா மேடம்?"

"அதை நான் முடிவு பண்ண முடியாதுங்க. சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?"

வாத்தியார் சீட்டில் இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. "தெரியும்னு சொல்லிடுவானோன்னுதான். அவன் அந்த பிரேக்கைக் கழட்டிப் பாக்காம விடற ஆளு இல்ல. பாத்திருப்பான். பாத்துட்டும் என்னைக் காட்டிக்கொடுக்கலை. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

ஐம்பது நிமிடம் முடிந்தது. அடுத்த வாரம் இதே நேரம் என்று பேசிக்கொண்டார்கள்.

"நான் பாஸா மேடம்?"

"இங்க பாஸு, பெயிலு கிடையாதுங்க."

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு டெஸ்டைப் பாத்ததே இல்ல" என்று சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. படியிறங்கியபோது கால் எந்தப் படியையும் அழுத்தவில்லை, இறங்க மட்டும் செய்தது.

6

முடிவு. வாத்தியாரும் மைத்துனனும் கட்டித் தழுவி அழுவதாக ஒன்று எழுதினேன். "முதல் நாளே எல்லாம் தீந்துடுமா?" என்றாள் தங்கை மகள். மைத்துனன் அவர் கன்னத்தில் அறைவதாக ஒன்று எழுதினேன். எழுதும்போதே எனக்கு வலித்தது. வாத்தியார் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போய், நான்கு வாரம் ஆலோசகரிடம் பேசிவிட்டு அப்புறம் சொல்வதாக இன்னொன்று. அதுவே நடக்கக்கூடியது என்றாள். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை.

எனவே வாத்தியார் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார். ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறான் மைத்துனன்.

"யாரு?"

"நான்தான் மாப்ளே. வெளிய வராதே. அப்படியே இரு. நீ மூஞ்சியைக் காட்டினா என்னால சொல்ல முடியாது."

வேனுக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறார். சாயங்காலமே அக்காளிடமும் சொல்லப்போவதாகச் சொல்கிறார். அடியில் ஸ்பானர் சத்தம் நின்றுபோகிறது. பிறகு மைத்துனன் தரையில் உரசிக்கொண்டு மெதுவாக வெளியே வருகிறான். தோள் தெரிகிறது, கழுத்து தெரிகிறது.

முகத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவன் திட்டலாம், சிரிக்கலாம், தெரியும் என்று சொல்லலாம், எழுந்து கை கழுவப் போய்விடலாம். எதை எழுதினாலும் வாத்தியார் தாங்கிக்கொள்வார். நான் கேட்டுவிட்டேன், அந்த இடத்தை விட்டு நகர மாட்டாராம்.