பதினான்கு மில்லி தொய்வு

1

“தாள்ல என் பேரும் வரணும், க்ரேம்.”

கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த விஷயம் இது. வேலை கொடுத்தவனிடம் வாயைத் திறக்காதே என்றாள் அம்மா. பல்கலைக்கழகத்தில் வேலை ஆலோசனைக்கென்று உட்கார்ந்திருந்த பெண்மணி அதையே நாகரிகமாகச் சொன்னார்: முதல் இரண்டு வருடம் கற்றுக்கொள்ளுங்கள், எதையும் கோராதீர்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பதினொரு மாதமாகப் போரிருவா என்ற கடலோர ஊரில், க்ரேமின் பட்டறையில் நான் கார்களை அளக்கிறேன், அளவுத் தாளில் அவர் கையெழுத்துப் போடுகிறார்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவுத் தாளின் அடியில் ‘குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று கோடு. யாரும் எதுவும் எழுதுவதில்லை. போன வியாழக்கிழமை நான் எழுதினேன். இடம் போதவில்லை. மிச்சம்தான் இது.

2

முதல் தொடக்கம்: ‘போரிருவாவில் அன்று காற்று’. நிறுத்திவிட்டேன். இங்கே காற்று இல்லாத நாள்தான் செய்தி.

இரண்டாவது: ‘ஒரு ஸ்பிரிங்கின் மனதில்’. ஸ்பிரிங்குக்கு மனது கிடையாது. அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். காரோடு வந்த சஸ்பென்ஷனைக் கழற்றிப் போட்டுவிட்டு, உயரத்தை மாற்றக்கூடிய ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். உடம்பெல்லாம் மரை வெட்டிய ஒரு குழாய், அதில் ஒரு வளையம், வளையத்தின் மேல் ஸ்பிரிங். வளையத்தைக் கீழே திருகினால் கார் இறங்கும். ஆனால் ஒழுங்கான முறை வேறு. ஸ்பிரிங்கைத் தொடாமல், குழாயையே அடியில் உள்ள தாங்கிக்குள் திருகிக் குட்டையாக்க வேண்டும். அதற்கு அடி மரை சுழல வேண்டும். அது சுழல்வதற்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கடல் உப்பைக் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவ வேண்டும். யாரும் செய்வதில்லை. அடி மரை இறுகிவிடும். பிறகு மேல் வளையத்தை மட்டும் இறக்குவார்கள். நிற்கும்போது கார் அழகாகத்தான் இருக்கும். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடும்.*

* தொங்குவது பட்டறை லிப்டில் காரைத் தூக்கும்போது மட்டுமல்ல. வேகமாக ஒரு மேட்டைத் தாண்டும்போதும் சக்கரம் ஒரு கணம் தொங்கும். ஸ்பிரிங் நகர்ந்து, திரும்பக் கோணலாக உட்காரும். அதற்கு அப்புறம் நடப்பதை எழுத எனக்கு வராது. ஐந்தாம் பகுதியில் முயன்றிருக்கிறேன்.

3

இப்படி மாற்றிய காருக்குச் சான்று வேண்டும். சான்றாளர் வியாழன்தோறும் பட்டறைக்கு வருவார். எங்கள் தாளைப் பார்த்து, உயரத்தைப் பொறித்த ஒரு தகட்டை இன்ஜின் பக்கத்தில் அறைந்துவிட்டுப் போவார். அவர் வருவதற்கு முன், ஸ்பிரிங் இறுகும் உயரத்துக்குக் காரை ஏற்றுவோம். போன பின் இறக்குவோம். இரண்டுக்கும் ஒரே முன்பதிவு. பட்டறையில் இதற்குப் பெயரே உண்டு: ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. சர்ச்சுக்குப் போட்டுவிட்டு வந்ததும் கழற்றுவது.

தாளில் இருப்பது பொய்யில்லை. பத்து மணிக்கு அது உண்மை. பதினொன்றுக்கு இல்லை.

முதல் வரைவில் க்ரேமை வில்லனாக்கினேன். ஒட்டவில்லை. நான் வேலைக்கு விண்ணப்பித்த நாற்பத்திரண்டு இடங்களில் என் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. இந்த மனிதர்தான் முட்டை சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, “ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா, இல்ல டிகிரி மட்டும்தானா?” என்று கேட்டு வேலை கொடுத்தார். அந்தக் கேள்வியின் மேல் இன்றுவரை கோபம் இருக்கிறது. நன்றியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் மேல் வைத்துக்கொண்டு எழுதுவது எரிச்சலான வேலை.

போன வியாழன் நான் பேர் கேட்டதும் அவர் அன்றைய சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

“பேர் எதுக்கு? சம்பளம் வருதுல்ல?”

“அளக்கிறது நான்.”

“பேர் போட்டா பழியும் உன் தலையிலதான் விழும், பார்த்துக்கோ.”

“விழட்டும்.”

“சரி, இன்னிக்கு முதல் வண்டிக்கே போடு.” பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். “யார் வண்டின்னு தெரியுமா?”

4

என் அண்ணன் ஃபிலிப்போவின் வண்டி.

(இது கதைக்காகச் செய்த ஏற்பாடு என்று தோன்றும். அண்ணனைப் பக்கத்து வீட்டுக்காரனாக மாற்றிப் பார்த்தேன். அந்த ஆளிடம் பேச எனக்கு ஒன்றுமே இல்லை.)

போன மாதம் போலீஸ் அவன் வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டது. சான்றுத் தகடு இல்லாமல் ஓட்டக் கூடாது. இறைச்சி ஆலையில் அவனுக்கு விடியற்கால ஷிப்ட், அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. நான் படிப்பதற்காக அவன் பள்ளிக்கூடத்தை விட்டான். இதை ஒரு பத்தியாக நீட்ட நான்கு முறை முயன்றேன். அவனே சொல்லிக்காட்டாததை நான் ஏன்...

ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றான். “என்ன இன்ஜினியரம்மா, அண்ணன் வண்டி. சீக்கிரம் முடிச்சுக் குடு.”

லிப்டில் தூக்கினேன். நான்கு சக்கரத்தின் அடி மரைகளும் துருவேறி இறுகிக் கிடந்தன. மேல் வளையங்களைத் திருகிச் சான்றுக்கான உயரத்துக்கு ஏற்றிவைத்தேன்.

“கடைசியா எப்போ கழுவின?”

“மழை பெய்யுதுல்ல.”

“அண்ணா, அடி மரை அசையவே மாட்டேங்குது. ரெண்டு வாரம் இதே உயரத்துல ஓட்டு. சாயங்காலம் ஒவ்வொண்ணா சூடு காட்டி எடுத்து, ஒழுங்கா இறக்கித் தர்றேன்.”

“இந்த உயரத்துல ஆலை வாசல்ல போய் நின்னா, ஆடு ஏத்துற லாரியான்னு கேப்பானுங்க.”

“கேக்கட்டும்.”

“நீ இறக்கலைன்னா வீட்டுல நானே இறக்கிக்குவேன். என்கிட்டயும் ஸ்பானர் இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை பின் சீட்டுல யாரு உக்கார்றா?”

“அம்மாவும் சித்திங்க ரெண்டு பேரும். அவங்க ஏறுனா ஸ்பிரிங் தானா இறுகிக்கும்.”

க்ரேம் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

“அவங்க உக்கார்றது பின்னாடி. தளர்றது முன்னாடி” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சான்றாளர் வர ஒரு மணி நேரம் இருந்தது. முன் இடது வளையத்தை மட்டும் அவன் கேட்கும் உயரத்துக்கு இறக்கினேன். சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தேன். ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே பதினான்கு மில்லிமீட்டர் இடைவெளி. என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. பழையபடி ஏற்றி மறுபடி அளந்தேன்.

5

முடிவு அ: ஏற்றிய அளவை மட்டும் எழுதிக் கையெழுத்திடுகிறேன். தகடு கிடைக்கிறது. வண்டியை இறக்குகிறோம். பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்க அதிக வாய்ப்புள்ள முடிவு இதுதான். அதனால்தான் ஒவ்வொரு வியாழனும் இதையே எழுதிவந்தோம்.

முடிவு ஆ: ஞாயிறு காலை, வைடாங்கிருவா மேடு, பின் சீட்டில் சர்ச்சுக்குப் போட்ட மூன்று வெள்ளைத் தொப்பிகள், முன் இடது ஸ்பிரிங்... இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்தேன். நான் சொன்னது சரி என்று காட்ட அம்மாவைக் கொல்ல வேண்டுமென்றால் அந்தக் கதை எனக்கு வேண்டாம்.

முடிவு இ: அண்ணன் மனம் மாறுகிறான். (அவனைத் தெரிந்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.)

6

உயரக் கட்டத்தில் அப்போதைய உயரத்தை எழுதினேன். ஸ்பிரிங் இறுக்கமா என்ற கட்டத்தில் ‘ஆம்’. இரண்டும் உண்மை. பிறகு குறிப்புகள்:

‘இந்த வண்டி இன்று பதினொரு மணிக்கு இதே பட்டறையில் இறக்கப்படும். அந்த உயரத்திலும் அளந்தேன். முன் இடது ஸ்பிரிங்கில் பதினான்கு மில்லி தொய்வு. இதற்கு முன் நான் அளந்த வண்டிகளும்’

கோடு தீர்ந்துவிட்டது. கீழே என் முழுப் பெயர்: லூப்பே ஆஃபாமாசாகா.

க்ரேம் இரண்டு முறை படித்தார். “இதைக் கிழிச்சிட்டு வேற எழுதலாம்.”

“எழுதுங்க. உங்க பேர்ல.”

“இதுக்குத்தான் பேர் கேட்டியா?”

“கேக்கும்போது எனக்கே தெரியாது.”

“இந்த வேலை போயிடும், லூப்பே.”

“தெரியும்.” நாற்பத்து மூன்றாவது இடம் எங்கே என்று அப்போதே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். “தகடு கிடைக்காட்டி நாளைக்குக் காலைல நான் எப்படிப் போவேன்?”

என் வண்டிச் சாவியை அவன் கையில் வைத்தேன்.

“அந்த டப்பாலயா? அதுல உக்காந்தா என் முட்டி காதுல இடிக்கும்டி.”

“இடிக்கட்டும். ரெண்டு வாரம்.”

அவன் சாவியைத் திருப்பித் தரவும் இல்லை, பாக்கெட்டில் போடவும் இல்லை. அவனை அப்படியே விடுகிறேன். கதவுக்கு அப்பால் என்ன நடந்தது என்பதை நான் எழுத மாட்டேன். உங்களுக்கும் மூன்று கோடு விட்டிருக்கிறேன். எதை எழுதினாலும் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.

வாசலில் சான்றாளரின் வேன் திரும்பிக்கொண்டிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.