மண்டியிட்டுச் சொன்ன பழமொழி

அஷாபியின் கணவன் செத்த நாற்பதாம் நாள், அவனுடைய அண்ணன் ஒகுண்டிரான் வீட்டைப் பிடுங்க வந்தான். துணைக்கு நான்கு பெரியவர்கள், கோலாக் கொட்டையை மென்றுகொண்டு. அஷாபி தன் தலையில் மண் சுமந்து எழுப்பிய வீடு அது.

இதற்கென்றே மூன்று நாளாக ஒரு பழமொழியைத் தீட்டி வைத்திருந்தாள். நைஜீரியாவின் யொருபா ஊர்களில் சரியான பழமொழி விழுந்தால் ராஜாவே வாயடைத்துப் போவான். ஆனால் பெரியவர்கள் முன்னால் சின்னவர்கள் பழமொழி சொல்வதென்றால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். மண்டியிட்டுக் கேட்டாள். பிறகு சொன்னாள். ஒருத்தி உழைத்ததை இன்னொருவன் அள்ளிக்கொண்டு போவதைக் காறித் துப்பும் பழமொழி.

பெரியவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். ஒருவர் தொடையைத் தட்டி, "அடேயப்பா! இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். சொன்னாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள், பாவி.

பழமொழி சொன்னவளைப் பெரியவர் வாழ்த்தியாக வேண்டும், அதுவும் முறைதான். ஒகுண்டிரான் அவள் தலையில் கை வைத்தான்.

"நீண்ட ஆயுசோட இருந்து இன்னும் நிறையச் சொல்லணும்மா நீ."

"அப்படியே ஆகட்டும்" என்றார்கள் நால்வரும்.

"உங்கப்பன் வீட்டுல உக்காந்து சொல்லு" என்றான். "இப்ப சாவியக் குடு."